அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

செம்பரம்பாக்கத்தைக் கடந்து போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில், விடியும் முன்பே கம்பெனி வேன்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். கழுத்தில் ஐ.டி. கார்டும் கையில் சாப்பாட்டுப் பையுமாக, இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போகிறவர்கள் ஏறுவார்கள். எப்போதாவது அதில் ஒரு சீட் சில மாதம் காலியாகக் கிடக்கும். பிரஸ் மெஷினில் விரல் போனவருடையதாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவருடையதாக, கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருடையதாக இருக்கலாம். பிறகு ஒருநாள் அதில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

இடையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். உடம்பு தேறி, ஃபிட்னெஸ் சர்டிபிகேட்டோடு அவர் எச்.ஆர். அறைக்குப் போகிறார். யாரும் கோபமாகப் பேசுவதில்லை. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். வீட்ல இருந்து உடம்பப் பாத்துக்கோங்க. செட்டில்மென்ட் உடனே போட்டுத் தர்றோம்" என்கிறார்கள். மேசைமேல் ஒரு தாள் தயாராக இருக்கிறது: 'சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சம்பளம் இல்லாமல் மாதங்கள் ஓடிய வீடு அது. போட்டுவிடுகிறார்.

போடாதீர்கள். கம்பெனி உங்களை நிறுத்தினால், ஏன் என்று கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. நீங்களே விலகியதாகத் தாள் சொன்னால், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

அரசு வேலை என்றால்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4) தெளிவாகச் சொல்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கக் கூடாது, பதவியிறக்கமும் செய்யக் கூடாது. பழைய வேலை முடியவில்லையென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முந்தைய 1995 சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. காலை இழந்த ஒரு காவலர் தொடுத்த குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் அதை உறுதிசெய்தது. நிறக்குருடு என்று காரணம் காட்டப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்கும் அது பொருந்தும் என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தனியார் கம்பெனி என்றால்

20(4) தரும் உறுதி தனியாருக்கு நீளவில்லை. இதைத் தெரிந்துகொண்டே பேசப் போக வேண்டும். ஆனால் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. பிரிவு 21இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்கள் எவை, என்ன வசதி செய்யப்படும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். நின்று செய்யும் வேலைக்குப் பதில் உட்கார்ந்து செய்யும் வேலை, நைட் ஷிப்டிலிருந்து விலக்கு, லைனிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றம் என்று உங்களுக்கு எது வேண்டுமோ அதை எழுதிக் கேளுங்கள். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

கையில் பணம் வர

அவசரக் கையெழுத்துக்குக் காரணம் பெரும்பாலும் காசுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் (மாற்றுத்திறனாளிக்கு 25,000) என்றால் இ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு.

• சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள்வரை, சம்பளத்தில் 70 சதவீதம்.

• காசநோய், புற்றுநோய், பக்கவாதம் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டு பணியும் போதிய சந்தாவும் இருந்தால், 80 சதவீதம். இரண்டு ஆண்டுவரை நீளலாம்.

• வேலையில் அடிபட்டால் தேறும்வரை 90 சதவீதம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு.

• ஊனம் நிரந்தரமானால், மருத்துவக் குழு கணிக்கும் இழப்புக்கேற்ப ஆயுள் முழுக்க மாதத் தொகை. திரும்ப வேலைக்குப் போனாலும் இது நிற்காது.

விரல் போனவருக்கு விபத்துப் பதிவேடுதான் உயிர். அன்றைய தேதியில் அதில் பதிவு ஏறியதா என்று கூட வேலை செய்கிறவர்களாவது பார்க்க வேண்டும். பதிவே இல்லாவிட்டால், விபத்து வீட்டில் நடந்தது என்றுகூடச் சொல்லிவிட முடியும்.

எங்கே போவது?

வேலையிலிருந்து நிறுத்தினால் தாமதிக்காமல் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். ஊனத்தைக் காட்டிப் பாகுபாடு செய்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். ஆலைத் தொழிலாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதித்து யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கி வையுங்கள்.

மருத்துவச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் ஒரு ஃபைலில் இருக்கட்டும். வேலைக்குத் திரும்ப வந்துவிட்டேன் என்பதைப் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ தெரிவியுங்கள். எச்.ஆர். அறைக்குத் தனியாகப் போகாமல் யூனியன்காரரையோ வீட்டாரையோ கூட்டிப் போங்கள். தாளை நீட்டினால் சண்டை வேண்டாம். "வீட்ல கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஒரு நாள் உங்கள் கையில் இருந்தால், மேலே சொன்ன அத்தனை கதவையும் தட்ட முடியும்.