சரக்கு வண்டியின் எடை வரம்பு: ஏற்றுமுன் அறிய வேண்டியவை

பிக்கப், குட்டி யானை போன்ற சிறு சரக்கு வண்டிகளில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை எஞ்சினின் இழுவிசையோ பின்புறத்தில் மிஞ்சியிருக்கும் இடமோ தீர்மானிப்பதில்லை, ஆர்.சி. புத்தகத்தில் குறிக்கப்பட்டுள்ள இரண்டு எண்களே தீர்மானிக்கின்றன. ஒன்று, பாரம் ஏற்றாத வண்டியின் வெற்று எடை. மற்றொன்று, வண்டியும் பாரமும் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடை. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநரையும் உதவியாளரையும் வெற்று எடையில் சேர்ப்பதில்லை என்பதால், அவர்களுடைய எடையும் பாரக் கணக்கிலேயே வருகிறது. எடுத்துக்காட்டாக, வெற்று எடை 1,700 கிலோவும் மொத்த எடை 2,990 கிலோவும் உள்ள வண்டியில், தலா 70 கிலோ எடையுள்ள இருவர் அமர்ந்தால் சரக்குக்கு எஞ்சுவது 1,150 கிலோ மட்டுமே.

வரம்பு மீறிய பாரத்தால் டயர் அளவுக்கு மேல் நெளிந்து சூடேறி வெடிக்கக்கூடும். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் தொடர்ந்து சூடாகிப் பிடிப்பை இழக்கக்கூடும். பாரம் பின் அச்சுக்கும் பின்னால் குவிந்தால் முன் சக்கரங்களின் பிடிமானம் குறைந்து ஸ்டியரிங் கட்டுக்குள் நில்லாது. கூடுதலாகச் சேர்க்கப்படும் ஸ்பிரிங் பட்டை வண்டியின் தொய்வை மறைக்குமே தவிர, பிரேக்கையும் அச்சையும் வலுப்படுத்துவதில்லை, ஆர்.சி.யில் உள்ள வரம்பையும் உயர்த்துவதில்லை.

இவ்வரம்பை மீறுவதைச் சட்டத்தின் 113ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய 194ஆம் பிரிவின்படி, அபராதம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஆகும். மிகைச் சரக்கை இறக்கும் செலவும் இதனுடன் சேரும், அதை இறக்காமல் வண்டி நகரவும் முடியாது. எடை பார்க்க மறுத்தால் அபராதம் 40,000 ரூபாய். எனினும், எடை பார்ப்பதற்காக வண்டியை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லச் சொல்லலாம் என்பதற்கு 114ஆம் பிரிவு எல்லை வகுத்துள்ளது: செல்லும் வழியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்.

ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தோ அவருடைய உத்தரவின்படியோ நடந்ததாக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பதும் சட்டத்தில் உண்டு. ஆகவே, புறப்படுமுன் எடை மேடையில் எடை போட்டுச் சீட்டை வைத்துக்கொள்வதும், வரம்பை மீறி ஏற்றுமாறு சொல்பவரிடம் அதை எழுத்திலோ குறுஞ்செய்தியிலோ கேட்பதும், டன் கணக்கில் வாடகை பேசும்போதே இரண்டாம் நடைக்கான கூலியைச் சேர்த்துப் பேசுவதும் ஓட்டுநருக்குப் பாதுகாப்பாகும்.