மாடி எடுக்கப் போகிறீர்களா? மேஸ்திரி வாக்கை மட்டும் நம்பாதீர்கள்!

சென்னை:-
மகனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிற்று. வீட்டில் இடம் பத்தவில்லை. மேலே ஒரு ரூம் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். அவர் தூணை நாலு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்.

"தாராளமா தாங்கும் சார். இன்னும் ரெண்டு மாடி போடலாம்" என்கிறார்.

அனுமதி வாங்க வேண்டாமா என்று கேட்டால், "பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினாரா?" என்று திருப்பிக் கேட்கிறார். மறுவாரமே வாசலில் ஜல்லியும் மணலும் வந்து இறங்கிவிடுகிறது.

சென்னையில் தெருவுக்குத் தெரு நடக்கிற கதை இது. ஆனால் நோட்டீசு வந்தால் அது மேஸ்திரி பெயருக்கு வராது. வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். தளம் விரிசல் விட்டால் கீழே படுத்திருப்பவரும் மேஸ்திரி அல்ல.

கோர்ட்டு என்ன சொல்கிறது?

"கட்டி பல வருஷம் ஆச்சு, லட்சக்கணக்கில் செலவு பண்ணியாச்சு, இத்தனை நாள் அதிகாரிகள் சும்மாதானே இருந்தாங்க?" என்று பலர் வாதம் பேசுவது உண்டு.

2024-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உத்தரப்பிரதேச மாநிலம் மீரட் நகரில் எழுந்த வழக்கு அது. காலம் கடந்தது, பணம் போட்டது, அதிகாரிகள் தாமதம் செய்தது ஆகிய எதுவும் அனுமதி இல்லாத கட்டிடத்தைச் சட்டப்படியானது ஆக்கிவிடாது என்று தீர்ப்பு வந்தது.

சீல் வைப்பு என்றால் என்ன என்று தியாகராய நகர் வியாபாரிகளைக் கேட்டால் தெரியும். 2011-ம் ஆண்டு கடைசியில் ரங்கநாதன் தெரு வட்டாரத்தில் விதி மீறிய கட்டிடங்களுக்குப் பூட்டுப் போட்டார்கள். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த கையோடு கடைகள் இழுத்து மூடப்பட்டன.

எதற்கு அனுமதி வேண்டாம்?

வெள்ளை அடிக்க, பெயிண்ட் பூச, உதிர்ந்த பூச்சைச் சரி செய்ய, தரைக்கு டைல்ஸ் மாற்ற யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

புதிதாக ஒரு தளம் எடுப்பது அப்படி அல்ல. அதற்குக் கட்டாயம் அனுமதி வேண்டும். தூணை எடுப்பது, பாரம் தாங்கும் சுவரை இடிப்பது போன்ற வேலைகளையும் பொறியாளரைக் கேட்காமல் தொடக்கூடாது.

விதி எங்கே இருக்கிறது?

தமிழ்நாடு முழுவதற்கும் இப்போது ஒரே விதித் தொகுப்பு. அதன் பெயர் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019. வீட்டைச் சுற்றி எத்தனை அடி விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சி.எம்.டி.ஏ.வின் இணைய தளத்தில் காசு இல்லாமல் பார்க்கலாம்.

உயர்மாடி அல்லாத சாதாரணக் கட்டிடத்துக்கு மொத்தத் தளப்பரப்பு மனையைப் போல 2 மடங்கு வரை போகலாம் என்பது பொது விதி. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அப்படியானால் எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி. ஆனால் பக்க இடம் விட்டது போக மிச்சத்தில்தான் இதைக் கட்ட முடியும். அதனால்தான் சின்ன மனையில் பிளான் போடாமல் இறங்கக்கூடாது.

புது வீட்டுக்கு உடனடி அனுமதி

காலி மனையில் புது வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலையில் ஒரு சலுகை வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டிடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி. இந்த அளவுக்குள் இருந்தால் சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணைய தளத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, உடனே அனுமதியைப் பெறலாம். அதற்கு முன்னால் அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பது கிடையாது.

"அப்போ ரொம்ப ஈஸி" என்று நினைக்க வேண்டாம். சான்று சொல்வது நீங்கள். பொய்த் தகவல் கொடுத்தால் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

பழைய வீட்டின் மேல் மாடி எடுப்பவர்கள், பதிவு பெற்ற பொறியாளரிடம் பிளான் வாங்கிக் கட்டிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டா, நிலஅளவை வரைபடம் இரண்டையும் வருவாய்த் துறையின் இணைய சேவையில் எடுக்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை தளத்தில் பார்க்கலாம். இதற்கெல்லாம் புரோக்கருக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று அழ வேண்டியது இல்லை.

பழைய மனைக்கு லே-அவுட் அனுமதி உண்டா என்பதை முதலில் பாருங்கள். பலர் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

காகிதம் மட்டும் போதுமா?

போதாது. மவுலிவாக்கத்தை மறக்க முடியுமா?

2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி, மழை கொட்டிய மாலையில், கட்டி முடியாத 11 மாடிக் கட்டிடம் சரிந்து விழுந்தது. 61 பேர் பலியானார்கள். அது சி.எம்.டி.ஏ. அனுமதி பெற்ற கட்டிடம்தான். அதே இடத்தில் மிஞ்சி நின்ற இன்னொரு 11 மாடிக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

கையில் அனுமதி இருந்தாலும் தூணில் பலம் வேண்டும்!

ஒரு ரூம் எவ்வளவு கனம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்து ரூமுக்கு 5 அங்குலக் காங்கிரீட் தளம் போட்டால், தளம் மட்டும் ஏறக்குறைய 3 டன். நாலு பக்கமும் 10 அடி உயரத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால், கதவு, ஜன்னலைக் கழித்தாலும் 12 டன்னுக்குக் குறையாது.

காலி பஸ் ஒன்றைத் தூக்கி மொட்டை மாடியில் நிறுத்தினால் என்ன கனமோ, அதற்கும் மேல்! மரக்கட்டை உத்தரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் தலையில் இதை ஏற்றலாமா?

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று பட்டுக் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி உப்பும். சுற்றியுள்ள காங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். கூரையில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கம்பி தெரிந்தால், மேலே சிமெண்டு பூசி மறைப்பது வைத்தியம் அல்ல.

இன்னொரு விஷயம். பூகம்ப வரைபடத்தில் 2-வது மண்டலத்தில் இருந்த சென்னையை 2002-ல் 3-வது மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகள் பழைய கணக்கில் கட்டியவை.

பொறியாளரிடம் கேளுங்கள்

தூணைக் கையால் தட்டினால் பலம் தெரியாது. அதற்கு என்று சுத்தியல் போன்ற கருவி இருக்கிறது. ஒலி அலை செலுத்திப் பார்க்கும் முறையும் இருக்கிறது. அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டி, ஆழமும் அகலமும் பார்க்க வேண்டும்.

பழைய காங்கிரீட் கட்டிடத்தைச் சோதித்துப் பலப்படுத்த ஐ.எஸ். 15988 என்ற விதி 2013-ல் வந்தது. செங்கல் கட்டிடத்துக்கு ஐ.எஸ். 13935. "இதன்படி பார்த்தீங்களா சார்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

தூண் சோடை என்றால், சுற்றிலும் புதுக் கம்பி கட்டிக் காங்கிரீட் போர்த்தும் 'ஜாக்கெட்' வேலை உண்டு. அதுவும் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. மாடி எடுக்கும்போதே மொட்டை மாடித் தண்ணீரை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குக் குழாய் போட்டு இறக்கிவிடுங்கள். 2003 முதல் அது எல்லா வீட்டுக்கும் கட்டாயம்.

யாரைப் பார்ப்பது?

மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் உங்கள் மண்டல ஆபீசு. புகார் என்றால் போன் எண் 1913. ரிப்பன் மாளிகை திறந்த வருஷமும் அதுவே, மறக்காது. சி.எம்.டி.ஏ. ஆபீசு எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது.

வாங்கப்போகும் வீட்டுக்கு எத்தனை மாடி அனுமதி என்று சந்தேகமா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்.

வாசலில் சிமெண்டு மூட்டை இறங்குவதற்கு முன்னால் கையில் இரண்டு காகிதம் இருக்க வேண்டும். ஒன்று, அனுமதிக் கடிதம். மற்றொன்று, "இந்த வீடு இன்னொரு மாடியைத் தாங்கும்" என்று பொறியாளர் கையெழுத்துப் போட்ட சான்று. இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் கல்யாணத்தை முடித்துவிட்டு, மாடியைத் தள்ளி வையுங்கள்!