பேனாக்கத்திக்கு இரண்டு சட்டங்கள்

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் நம் சங்கத்து அன்பர்கள் சிலர், பழம் நறுக்க ஒரு பேனாக்கத்தி எடுத்துப் போகலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. இதற்கு இரண்டு சட்டங்களைப் பார்க்கவேண்டும். ஒன்று விமானத்துக்கு, மற்றொன்று இறங்கும் ஊரின் தெருவுக்கு.

நம் விமான நிலையங்களில் கைப்பையிலோ சட்டைப்பையிலோ கத்தி கூடாது. பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில், துணியில் நன்றாகச் சுற்றி வைக்கலாம்.

பெட்டியில் போக அனுமதி கிடைத்துவிட்டதால் அங்கே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று பொருளல்ல. இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். விரித்ததும் பூட்டிக்கொள்ளும் வகைக்கு, எவ்வளவு சிறியதானாலும், இச்சலுகை இல்லை. தக்க காரணமின்றி அதைப் பொது இடத்தில் வைத்திருந்தால் 4 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். "பையில் மறந்து கிடந்தது" என்பது மட்டும் தக்க காரணமாகாது.

ஜப்பானில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அங்கே பொதுவாக 6 செ.மீ.க்கு மேற்பட்ட கத்தியைத் தக்க காரணமின்றி உடன் கொண்டுசெல்வது குற்றம். அதைவிடச் சிறியதை மறைத்து வைத்திருந்தாலும் வேறொரு சட்டம் உண்டு.

ஆகவே நான் எடுத்துச் செல்வது பூட்டில்லாத 2 அங்குலக் கத்திதான். போன இடத்தில் அது சமையலறையிலேயே இருக்கும். திரும்பும்போது கைப்பையை ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டு, கத்தியைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது நலம்.