முப்பதாம் நூற்றாண்டின் இளைஞர் படை

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் கோவிலை விட்டு வெளியே வருகையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் செங்கல்லைப் போல் தடித்த ஆங்கிலப் படக்கதை நூல்கள் இரண்டைச் சுமந்தவராய்க் காத்து நின்றார். சிங்கப்பூரில் பணிபுரியும் அவருடைய தம்பி, மருமகனுக்கென்று ஆசையோடு அனுப்பி வைத்தவை அவை. “பரீட்சை நெருங்குகிற நேரத்தில் பையன் இரவு பகலாய் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறான் சாமி. இது நல்லதா கெட்டதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றார். படித்துப் பாராமல் தீர்ப்பிடுதல் தகாது என்று கூறி, நூல்களை வாங்கி வைத்துக்கொண்டோம்.

படக்கதை என்றால் நமக்கு அருவருப்பு ஏதும் இல்லை. சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியை, ஞானோபதேசப் புத்தகத்தினுள் மறைத்து வைத்துப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர்களே நாம். ஆயினும் அமெரிக்க நாட்டு அதிமானிட வீரர்களின் உலகம் நமக்குப் புதிது. பறக்கிறான், இடிக்கிறான், எரிக்கிறான் என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் முதல் நூலைப் புரட்டினோம்.

‘லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்’ என்பது அப்படக்கதையின் பெயர். 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து ‘அட்வென்ச்சர் காமிக்ஸ்’ 247-ஆம் இதழில், ஆட்டோ பைண்டர் என்ற எழுத்தாளரும் அல் பிளாஸ்டினோ என்ற ஓவியரும் சேர்ந்து இதைத் தொடங்கி வைத்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னாலுள்ள உலகிலிருந்து மூன்று இளைஞர்கள் காலத்தைக் கடந்து வந்து, சிறுவனாயிருந்த சூப்பர்மேனைத் தங்கள் குழுவில் சேர அழைக்கின்றனர். காந்த ஆற்றல் கொண்ட காஸ்மிக் பாய், மின்னலை ஏவும் லைட்னிங் லாட், சனிக் கிரகத்தின் துணைக்கோளாகிய டைட்டனில் பிறந்து பிறர் எண்ணங்களை அறியவல்ல சாட்டர்ன் கேர்ள் ஆகியோரே அம்மூவர். லைட்னிங் லாட் அந்த முதற்கதையில் வேறு பெயரால் அழைக்கப்படுகிறான் என்பது ஒரு சிறு செய்தி.

அக்கதை நம்மைச் சற்றே வியப்பில் ஆழ்த்தியது. அழைத்து வந்தவனுக்கு மூன்று போட்டிகள் வைக்கின்றனர். மலையைப் பெயர்க்கவல்ல அச்சிறுவன் மூன்றிலும் தோற்கிறான். ஒவ்வொரு முறையும் யாரையேனும் காப்பாற்றும் பொருட்டுப் போட்டியை விட்டு ஓடிவிடுவதே காரணம். இறுதியில்தான் தெரிகிறது, அவர்கள் சோதித்தது அவன் வலிமையை அன்று, தோல்வியை அவன் எவ்வாறு தாங்குகிறான் என்பதையே என்று. நவசந்நியாசத்தில் பழைய நாட்களில் கையாளப்பட்ட சில சோதனைகளை எண்ணி நாம் நகைத்துக்கொண்டோம்.

முதலில் இடையிடையே தலைகாட்டிய இக்குழு, 1962-இல் அட்வென்ச்சர் காமிக்ஸ் 300-ஆம் இதழிலிருந்து நிலையான இடம் பெற்றது. ஆட்கள் பெருகிக்கொண்டே போகின்றனர். பந்தாய் உப்பித் துள்ளும் ஒருவன், மூன்று உடல்களாய்ப் பிரியும் ஒரு பெண், இரும்பையும் கல்லையும் மென்று விழுங்கும் ஒருவன் என்று இருபதுக்கு மேற்பட்டோர். புதிதாய்ப் படிக்க வருபவர்க்குப் பெயர்கள் நினைவில் நில்லா. நாமும் பங்குக் குடும்பப் பதிவேட்டைப் போல ஒரு தாளில் பெயர், ஊர், ஆற்றல் என்று எழுதி வைத்துக்கொண்டே படித்தோம். கதைகளிற் பாதி பிள்ளை விளையாட்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஒருவரையொருவர் ஐயுறுவதும், மாறுவேடத்தில் வந்து ஏமாற்றுவதுமே பக்கத்துக்குப் பக்கம். சில இரவுகளில் கொட்டாவியோடு மூடி வைத்தோம்.

கொட்டாவியை நிறுத்தியது 1963-ஆம் ஆண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில், 304-ஆம் இதழில், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுதிய கதையில் லைட்னிங் லாட் இறக்கிறான். குழுவில் ஒருவர் உயிர் துறக்க நேரும் என்பதை முன்னறிந்த சாட்டர்ன் கேர்ள், அந்த ஒருவர் தானாகவே இருக்கட்டும் என்று துணிகிறாள். அதன் பொருட்டுப் பிறர் மனங்களை வசப்படுத்தித் தலைவர் தேர்தலில் வெற்றி பெறுகிறாள். தலைவியானதும் மற்ற யாவரும் தம் ஆற்றலைப் பயன்படுத்த முடியாதபடி தடுக்கிறாள். (நல்ல நோக்கத்திற்காகத் தீய வழியைக் கைக்கொள்ளலாமா என்ற வினாவுக்கு நம் அறநெறி இறையியல் ஆசிரியர் சொன்ன விடை இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. அப்பெண்ணை அவர் மன்னித்திருக்க மாட்டார்.) உண்மையை உணர்ந்துகொண்ட லைட்னிங் லாட் அவளை முந்திக்கொண்டு பகைவனை எதிர்த்து மாய்கிறான். கண்ணாடிப் பேழையில் அவன் உடல் வைக்கப்படுகிறது. அடுத்த இதழில் எழுந்துவிடுவான் என்று நாம் எதிர்பார்த்தோம், அவன் எழவில்லை.

எட்டு இதழ்கள் கழித்து, 312-இல், வழி ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது. எவரேனும் ஒருவர் தம் உயிராற்றலை ஈந்தால் அவனை எழுப்பலாம். இடி மின்னலுக்கு நடுவே நண்பர்கள் உலோகக் கோல்களை உயர்த்திப் பேழையைச் சூழ்ந்து நிற்கின்றனர். மின்னல் யார் கோலில் பாயுமோ அவர் மாள்வார். சாட்டர்ன் கேர்ள் மின்னலை எளிதில் ஈர்க்கும் உலோகத்தை மறைவாய்த் தேர்ந்தெடுத்திருக்கிறாள். மின்னல் அவள் கோலில் பாய்கிறது, அவள் விழுகிறாள், அவன் எழுகிறான். ஆனால் விழுந்து கிடப்பது அவள் அன்று. அவள் உள்ளத்தை அறிந்துகொண்டு, அவளை அப்புறப்படுத்திவிட்டு, அவள் உருவத்தைத் தாங்கி வந்து நின்றது புரோட்டி என்னும் சிறு பிராணி. வீரர்களுள் ஒருவன் செல்லமாய் வளர்த்த, வேண்டிய வடிவெடுக்கும் பிசின் போன்ற ஓர் உயிர்.

தன் நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைப் பற்றி இராவுணவு வேளையில் நம் ஆண்டவர் அருளிய வார்த்தையை இக்கதையின் ஆசிரியர் எட்மண்ட் ஹாமில்டன் நினைத்தாரோ இல்லையோ, நமக்கு அது நினைவுக்கு வந்தது. அதே வேளையில் ஒரு குறையும் உறுத்தியது. அப்பிராணிக்காக வடித்த கண்ணீர் விரைவிலேயே வற்றிவிடுகிறது. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்று அதே பெயரோடு வந்து சேர்கிறது, ஆட்டம் தொடர்கிறது. பெரிய வீட்டில் உழைத்து மாண்ட வேலைக்காரிக்குப் பதிலாய் மறுவாரமே இன்னொருத்தி வந்து நிற்பதை நாம் கண்டதில்லையா? எழுதியவர் இதை ஒரு குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை.

இனி, நம்மை உண்மையாகவே நிறுத்தி வைத்த கதைக்கு வருவோம். இப்படையில் சேர்வதற்கு அவ்வப்போது தேர்வு நடைபெறும். தொலைவிலுள்ள உலகங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவர். தம் ஆற்றலைக் காட்டுவர். பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்படுவர். 306-ஆம் இதழில் போலார் பாய் என்னும் சிறுவன் வருகிறான். குளிரை உண்டாக்குவது அவன் வரம். ஆனால் அதை அவனால் அடக்கியாள இயலவில்லை; தேர்வு செய்ய அமர்ந்தவர்களே நடுங்கிப்போகின்றனர். வேண்டாம் என்று அனுப்பிவிடுகின்றனர், ஆறுதலுக்குப் பறக்கும் இடைவார் ஒன்றைக் கொடுத்து. வெளியே அவனைப் போலவே தள்ளப்பட்ட மற்றவர்களை அவன் சந்திக்கிறான். ஒருத்திக்குக் கதிரவன் ஒளி படாதவரைதான் வலிமை. இன்னொருவன் தீயைக் கக்குவான், அளவின்றி. மற்றொருவன் செடிகளை விரைந்து வளரச் செய்வான், அவ்வளவே. ஸ்டோன் பாய் என்பவன் கல்லாய் மாறுவான். மாறிய பின் அசைய மாட்டான்! ஆறு மாதம் இரவாயிருக்கும் அவன் நாட்டில் அது உறங்குவதற்கான வழி. இங்கே அதனால் பயன் யாது?

இவர்கள் ஐவரும் சேர்ந்து பதிலாள் படை ஒன்றை அமைக்கின்றனர். பெரியவர்களால் வர இயலாத இடத்தில் நாம் நிற்போம் என்பதே அவர்கள் கொள்கை. முதல் முயற்சிகளில் சொதப்பி, கலைந்துவிடலாமா என்றுகூட நினைக்கின்றனர். பின்னர், பெரிய படை வேறோர் இடத்தில் சிக்கியிருக்கையில், தாவர வடிவில் பூமிக்கு வந்த ஆபத்தை இவர்களே முறியடிக்கின்றனர். அதை எவரும் அறியார். தம்மைத் தள்ளியவர்களிடம் போய்ச் சொல்லிக் கொள்ளவும் இல்லை. கசப்பும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட கதையில் இத்தகைய தாழ்ச்சியை நாம் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்தில் நம் கோவிலின் குருத்து ஞாயிறு ஓலைத்துண்டு ஒன்று அடையாளமாய்ச் செருகப்பட்டிருந்தது.

இந்தப் பையன் யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஐந்து ஆண்டுகள் நம் பாடகர் குழுவில் பாடியவன். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் அவன் குரல் உடைந்தது. நள்ளிரவுத் திருப்பலிக்கு ஆயர் அவர்கள் வருவதாயிருந்தது. “குரல் சரியான பிறகு பார்க்கலாம், இப்போது கீழே உட்கார்” என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னோம். ஆயர் பாடலை மெச்சினார். அவன் குரல் எப்போது சரியாயிற்று என்று நாம் கேட்கவே இல்லை, அவனும் வரவில்லை. பறக்கும் இடைவாரைக்கூட நாம் கொடுக்கவில்லை.

இரண்டாம் நூலை விரைந்து படித்தோம். அதில் பெரும்பகுதி ஜிம் ஷூட்டர் என்பவர் எழுதியது. பிட்ஸ்பர்க் நகரத்து எளிய குடும்பத்துப் பிள்ளை. வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டதால், பதின்மூன்று வயதில் தானே கதையெழுதி அனுப்பினான். 1966-இல் அது அச்சேறியபோது வயது பதினான்கு. யாரும் அழைக்காமலே வந்து கதவைத் தட்டிய அச்சிறுவனை அப்பத்திரிகை தள்ளவில்லை. அவன் படைத்தவர்களுள் ஃபெர்ரோ லாட் என்பவன் இரும்பாய் மாறவல்லவன். எப்போதும் முகமூடி அணிந்தவன். 1967-இல் கதிரவனை விழுங்க வரும் ஒன்றை அழிக்க, படையினர் கொடிய குற்றவாளிகள் ஐவரின் உதவியையே நாட வேண்டியதாகிறது. குண்டைச் சுமந்து அதன் நடுவே செல்பவர் திரும்ப இயலாது. சூப்பர்பாய் புறப்படுகிறான், ஃபெர்ரோ லாட் அவனைத் தள்ளிவிட்டுத் தானே சுமந்து செல்கிறான். இம்முறை மின்னலும் இல்லை, பேழையும் இல்லை.

அந்த முகமூடிக்குள் ஒரு கறுப்பின இளைஞனை வைக்கத் தாம் விரும்பியதாகவும், பத்திரிகையாசிரியர் இசையவில்லை என்றும் ஷூட்டர் பிற்காலத்தில் கூறியுள்ளார். பச்சைத் தோலுடைய பிரெய்னியாக் 5-க்கும், ஆரஞ்சு நிறத்துக் கமீலியன் பாய்க்கும் இடம் இருந்த குழுவில், பூமியில் பிறந்த கறுப்பினத்தவர் ஒருவர் இடம்பெற 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு வந்த டைராக் என்பவனுக்கும் தனித்தீவு ஒன்றையே ஊராக ஒதுக்கினர். ஆயிரம் ஆண்டு கடந்த உலகைக் கற்பனை செய்தவர்களுக்குத் தங்கள் தெருவைக் கடக்க முடியவில்லை. இதைச் சொல்லி நாம் நகைப்பதற்கில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிச் செத்தவர்களையும் சாதியால் பிரித்த ஊர்கள் நம் நாட்டுத் திருச்சபையில் உண்டு.

படையின் சட்டங்களுள் ஒன்று, எக்காரணம் கொண்டும் கொலை செய்யலாகாது என்பது. 1966-இல் ஸ்டார் பாய் என்பவன் தன் உயிரைக் காக்கும் பொருட்டு ஒருவனைக் கொல்ல நேர்கிறது. முறையாக விசாரணை நடத்தி, நண்பர்களே வாக்களித்து அவனை நீக்கிவிடுகின்றனர். தற்காப்பை நம் திருச்சபையின் போதனை குற்றமாகக் கொள்ளாது; ஆகையால் தீர்ப்பு கடுமையானதே என்பது நம் கருத்து. நீக்கப்பட்டவன் எங்கே போனான் தெரியுமா? அந்தப் பதிலாள் படைக்குத்தான்.

பரீட்சை முடியும் வரை நூல்கள் நம்மிடமே இருக்கட்டும், பின்னர் தடையில்லை என்று தாயிடம் கூறினோம். பரீட்சை முடிந்த மறுநாள் பையனே வந்துவிட்டான். எந்தக் கதை பிடித்தது என்று கேட்டான். ஓலை இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினோம். போலார் பாய் 1980-களில் பெரிய படையிலேயே சேர்க்கப்பட்டு, பிறகு அதன் தலைவனாகவும் தெரிந்தெடுக்கப்பட்டான் என்று அவன்தான் நமக்குச் சொன்னான். குரல் நன்றாகவே கனத்திருந்தது.

டிசம்பரில் நாம் பேசியது தவறு என்று அவனிடம் சொன்னோம். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பாடல் பயிற்சி என்றும், தாழ்ந்த குரலுக்கு ஆள் இல்லை என்றும் சொன்னோம்.

“யோசித்துச் சொல்கிறேன் சாமி” என்று கூறி, நூல்களை மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனான்.