ஏரைப் பிடித்துக்கொண்டோம், எருவை விட்டுவிட்டோம்

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் போதும், பாலவனத்தம் கரிசலில் டிராக்டர் இறங்கிவிடும். முதலில் அஞ்சு கலப்பை, அப்புறம் ஒன்பது கலப்பை, விதைப்புக்கு முன்னால் ரொட்டவேட்டர். காடு மாவாகிவிடும். "பொலபொலன்னு இருக்கு பாருங்க" என்பார்கள் பெருமையாக. எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது.

வேலி ஓரத்தில் அருகு படர்ந்த, கலப்பை படாத கட்டி ஒன்றை எடுத்தேன். பத்தடி தள்ளி, உழுத காட்டிலிருந்து இன்னொன்று. இரண்டையும் காயவைத்து இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். உழுத மண் சில நிமிடங்களில் கரைந்து குழம்பாகிவிட்டது. வேலி மண் கட்டியாகவே கிடந்தது. வேரும் மக்கும் அதை இறுக்கிப் பிடித்திருந்தன.

கட்டிக்குள் பொதிந்த மக்கை நுண்ணுயிர்கள் லேசில் தின்ன முடியாது. கலப்பை கட்டியை உடைத்ததும் காற்று உள்ளே புகுகிறது. அடுத்த மழை ஈரமும் நம் வெக்கையும் சேர, மக்கு வேகமாகச் சிதைந்து கரியமில வாயுவாகப் போகிறது. அப்போது வெளிவரும் தழைச்சத்தில் பயிர் கருகருவென்று எழும்பும். பாட்டன் சேர்த்த பானையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற செழிப்பு அது.

மண்ணில் எவ்வளவு மக்கு இருக்கிறது என்பதைக் காட்டுவது அங்ககக் கரிமம். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் மண் பரிசோதனை அட்டையில் 'குறைவு' என்றுதான் வரும். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மேல்மண் சுமார் 900 டன் எடை இருக்கும். அதில் 0.1 சதவீதம் கரிமம் குறைந்தாலே ஏறக்குறைய 900 கிலோ போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்கிறது 1037-ஆம் குறள். உழவைப் பற்றிப் பேசுகிற மேடைதோறும் இதைக் கேட்கலாம். அடுத்த குறளை யாரும் சொல்வதில்லை. உழுவதைவிட எரு இடுவது நல்லது என்று அங்கேயே வள்ளுவர் சொல்லிவிட்டார்.

கோடை உழவு மழைநீரைப் பிடிக்கும், களையையும் கூட்டுப்புழுவையும் ஒழிக்கும் என்கிறார்கள் வேளாண் அறிஞர்கள். சரிதான், அதற்கு ஒரு உழவு போதுமே!

எரு விஷயத்தில் என் கவலை எல்லாம் ஆட்டுக்கிடையைப் பற்றித்தான். அறுப்பு முடிந்த காட்டில் ராவெல்லாம் ஆடு அடைந்து கிடந்தால், புழுக்கையும் மூத்திரமும் காடு முழுக்கச் சீராக விழும். அள்ளுகூலி கிடையாது, வண்டி வாடகை கிடையாது. இப்போது கிடைக்காரருக்கு வழிவிட மனமில்லை. தீவனத் தாளைக்கூட விட்டுவைக்காமல் உழுதுவிடுகிறோம். பருத்திமாரைக் காட்டோரத்தில் குவித்துத் தீ வைக்கிறோம். போடுவது நின்றுவிட்டது, எடுப்பது மட்டும் நடக்கிறது.

இந்த வருஷம் ரொட்டவேட்டருக்குக் கொடுக்கிற வாடகையைக் கிடைக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். பருத்திமாரை நறுக்கிக் காட்டிலேயே போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் உங்கள் காட்டுக் கட்டி ஒன்றை நீங்களே டம்ளரில் போட்டுப் பாருங்கள்.