சுடுவதற்கு முன் கேளுங்கள்: இந்தத் தோல் எதனால் பதனிடப்பட்டது?

மரப்பலகையில் சூட்டுக்கோலால் படம் வரைந்து பழகியவர்களின் பார்வை அடுத்ததாகத் தோலின் மீது விழுவது இயல்பு. பணப்பையிலோ இடுப்புப் பட்டியிலோ ஒரு பெயரையும் நாலு இலைகளையும் பொறித்துவிட்டால் பொருளின் மதிப்பு கூடிவிடும். ஆலையடிவேம்பிலோ பக்கத்து அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ வீட்டிலிருந்தபடி இதைப் பழக நினைப்பவருக்குப் பெரிய முதலீடும் தேவையில்லை. ஆனால் எல்லாத் தோலும் சுடத்தக்க தோல் அல்ல. கையில் இருப்பது எந்தத் தோல் என்று கேட்டறியும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. பலர் அந்த உரிமையைப் பயன்படுத்தாமலே கோலைச் சூடாக்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

உலகச் சந்தையில் புழங்கும் தோலில் பெரும்பங்கு குரோமிய உப்பால் பதனிடப்பட்டது. எஞ்சியதில் முக்கியமானது மரப்பட்டை, காய்களின் துவர்ப்பால் பதனிடப்படும் தோல். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிடுவது தமிழ்நாட்டில் திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களின் பழந்தொழில். தோலில் தங்கும் குரோமியம் சாதாரணமாக மூன்று வலுவெண் கொண்டது; அது பெரிய தீங்கு செய்வதில்லை. சூடு பட்டால் அதில் ஒரு பகுதி ஆறு வலுவெண் குரோமியமாக மாறக்கூடும். அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலுக்கும், பட்டால் சருமத்துக்கும் கேடு. உடலில் படும் தோற்பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்கக்கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தடுத்துவிட்டது. இந்த மாற்றம் நிகழுமா என்று பார்க்க ஆய்வுகூடங்கள் தோலை 80 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துச் சோதிக்கின்றன. சூட்டுக்கோலின் முனையோ பல நூறு பாகை வரை ஏறும். வரைபவரின் மூக்கும் அதற்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும்.

பொழுதுபோக்காக ஒரு சின்னத் துண்டைச் சுடுவதால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பார்கள். தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் ஆபத்தும் இதுவும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு விதியும் பரிசோதகரும் உண்டு, வீட்டறைக்கு இல்லை. குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் அதே காற்றையே சுவாசிக்கிறார்கள். அதோடு இது முழுக்கத் தவிர்க்கக்கூடிய ஆபத்து. தோலை மாற்றினால் போதும். பட்டையில் பதனிட்ட தோல் விலை கூடியது, எளிதில் கிடைக்காது என்பது நியாயமான குறைதான். அப்படியானால் கிடைக்கும் வரை மரத்திலேயே பழகுவது மேல்.

சந்தேகமானால் வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். நகமளவு துண்டைக் கொதிநீரில் போட்டால், பட்டையில் பதனிட்ட தோல் சில நொடியில் சுருண்டு சுருங்கி, ஆறியதும் விறைத்துப்போகும். குரோமியத் தோல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். வெட்டிய விளிம்பின் நடுப்பகுதி நீலச்சாம்பலாக இருந்தாலும் குரோமியத்தைச் சந்தேகிக்க வேண்டும். ரெக்சினைச் சுடவே கூடாது: பிவிசி பூச்சு கருகினால் ஐதரசன் குளோரைட் வாயு வரும். சாயமோ வார்னிஷோ பூசிய தோலையும் விட்டுவிடுங்கள். முதலில் சுட்டு, பிறகு சாயம் போடுவதே முறை. நல்ல தோலின் புகையும் சுத்தமானதல்ல. முடி கருகும் அந்த நாற்றமே அதற்குச் சாட்சி. ஜன்னலோரம் அமர்ந்து, மின்விசிறி புகையை வெளியே தள்ளும்படி வையுங்கள். துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. ஈயம் கலந்த பற்றாசு ஒட்டிய பழைய சோல்டரிங் அயனை இதற்கு எடுக்காதீர்கள். கை சுட்டுவிட்டால் பற்பசை தடவாமல், 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். காயம் பெரிதென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

இத்தனையும் வாங்குபவரின் பொறுப்பு என்று கடைக்காரர் கைவிரித்தால் ஏற்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தாக வேண்டும். விற்ற பொருள் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராவிட்டால், வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விசாரணையின் பின் இழப்பீடு, மாற்றுப்பொருள், பண மீளளிப்பு ஆகியவற்றுக்கு அதிகார சபை உத்தரவிட முடியும். ஒரு துண்டுத் தோலுக்குச் சட்டம் எதற்கு என்ற தயக்கம் வேண்டாம். சட்டம் விலையைப் பார்த்துப் பேசுவதில்லை. வாய்ப்பேச்சு மட்டும் இருந்தால் நிரூபிக்க வழியிருக்காது. ஆகவே ‘தாவரப் பட்டையில் பதனிட்டது’ என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இணையவழி வாங்கினால் விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். எழுதித்தர மறுக்கும் கடையில் சுடுவதற்கென்று தோல் வாங்காதீர்கள்.