வரைபடம் திறந்திருந்தால் விலை குறைய வேண்டுமா?

ஒரு மின்னணு இசைக்கருவியின் சர்க்யூட் வரைபடத்தையும் அதற்குள் ஓடும் நிரலையும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றால், அதே கருவியைக் கடையில் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? பாரிஸில் எமிலி ஜிலே நடத்திய 'மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' பத்தாண்டுகளுக்கும் மேலாக இதற்கு நடைமுறையிலேயே பதில் சொன்னது. வாங்குபவரே சால்டர் செய்துகொள்ளும் 'ஷ்ருதி-1' சின்தசைசரில் தொடங்கிய நிறுவனம், பிறகு யூரோராக் மாட்யூல்களுக்கு வந்தது. ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, வயர்களால் இணைத்து, கலைஞர் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் சின்தசைசரின் பாகங்கள் இவை. பிரெய்ட்ஸ், ரிங்ஸ், கிளவுட்ஸ், பிளெய்ட்ஸ் என ஒவ்வொன்றின் வடிவமைப்பும் வெளியிடப்பட்டது. அப்படியிருந்தும் அவை நன்றாக விற்றன.

காரணம் எளிது. நுண்ணிய உதிரிபாகங்களைக் கையால் சால்டர் செய்ய பொறுமையும் கருவிகளும் பயிற்சியும் வேண்டும். பெரும்பாலான இசைக்கலைஞர்கள் அந்த நேரத்தில் வாசிக்கவே விரும்புவார்கள். 'உள்ளே இருக்கும் சிப்பின் விலை சொற்பம்தானே, எதற்கு இவ்வளவு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஒலி காதுக்கு இதமாக அமையும்வரை நிரலைத் திருத்தித் திருத்தி எழுதிய மாதங்கள், ஒவ்வொரு மாட்யூலையும் சோதித்துச் சரிபார்க்கும் வேலை, கடைக்காரரின் பங்கு, பழுதானால் பொறுப்பேற்பது எல்லாம் அந்த விலைக்குள்தான் வருகின்றன. திறந்த வடிவமைப்பு என்பது தள்ளுபடிக்கான வாக்குறுதி அல்ல. அப்படி எண்ணி விலையைக் குறைக்கும் சிறு தயாரிப்பாளர் தன் அடுத்த ஆராய்ச்சிக்கான பணத்தைத்தான் இழக்கிறார்.

வலுவான மறுப்பு நகல்களைப் பற்றியது. பிளெய்ட்ஸின் நிரல் ஆர்டூரியாவின் 2019ஆம் ஆண்டு மைக்ரோஃப்ரீக் சின்தசைசரிலும், பெரிங்கரின் பிரெயின்ஸ் மாட்யூலிலும் இடம்பெற்றது. சிறு பட்டறைகள் குறுகலான, மலிவான நகல்களைச் செய்தன. மியூட்டபிளின் திறந்த உரிமம் இதையெல்லாம் அனுமதித்தது. நிறுவனத்தின் பெயர் மட்டும் வணிகச் சின்னமாகக் காக்கப்பட்டது. ஆராய்ச்சிக்குச் செலவழிக்காதவர் மலிவாக விற்க முடிவது உண்மையான இழப்புதான். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் வடிவமைப்பு திறந்திருந்ததால்தான் விசிவி ராக் மென்பொருளில் இந்த மாட்யூல்களின் ஒலியைப் பணமே செலவழிக்காமல் எவரும் கேட்க முடிந்தது. இத்தனை தொலைவு போய்ச்சேரும் விளம்பரத்தை ஒரு சிறு நிறுவனம் விலைகொடுத்து வாங்கிவிட முடியாது.

வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய ஆதாயம் பின்னால் வருகிறது. மியூட்டபிள் 2022இல் மூடப்பட்டது. அதன் மாட்யூல்களைப் பிறர் இன்றும் செய்கிறார்கள். பெல்ஜியத்தில் உருவான ஆக்சலோட்டி என்ற திறந்த ஒலிச்செயலி போர்டின் தயாரிப்பு நின்றபோதும், அதே வடிவமைப்பிலிருந்து க்ஸோலோட்டி வந்தது. மூடிய கருவியை வாங்கியவருக்கு, தயாரிப்பாளர் கடையைக் கட்டியதும் பழுதுபார்க்க வரைபடமோ திருத்த நிரலோ கிடைப்பது அரிது. ஒரு கருவியை இருபது ஆண்டுகள் மேடையேற்ற நினைக்கும் கலைஞருக்கு, திறந்த வடிவமைப்பு தரும் இந்த உறுதி காசு பெறும். தயாரிப்பாளர்கள் மலிவைச் சொல்லி விற்பதை விட்டுவிட்டு, இதற்கு நியாயமான விலையைத் தயங்காமல் கேட்கலாம்.